மைதா போடாத கேக்

கொஞ்சம் தள்ளி உக்காருங்க தங்கச்சி, இந்த டப்பாவ மடியில வச்சுக்கிடுதேன். கீழ வச்சா இந்த வண்டி குலுக்குத குலுக்குல எல்லாம் தூளாப் போயிரும். கேக்குதான். நேத்து ஈஸ்டர்லா. ஒரு துண்டு எடுத்துக்கிடுதீங்களா? உடங்குடி கருப்பட்டி போட்டது. வேண்டாமா? விரதமா? ஓ, திருச்செந்தூருக்கா. அப்ப வேண்டாம், முட்டை போட்டிருக்கு. நான் வற்புறுத்த மாட்டேன். நீங்க சிரிச்ச மூஞ்சியா வேண்டாம்னு சொன்னீங்க பாத்தீங்களா, அது மரியாதை. முப்பது பேருக்கு முன்னால என் கேக்க வேண்டாம்னு தள்ளி வச்ச ஒருத்தி வீட்டுலருந்துதான் இப்பம் வாரேன்.

யாரா? என் தம்பி பொண்டாட்டி. ஷைனி. கோயம்புத்தூர்க்காரி. எங்க பக்கம் புருசனோட அக்காள மைனிம்பாவ, இவ அண்ணிம்பா. 'வாங்க அண்ணி, இருங்க அண்ணி, வேண்டாங்க அண்ணி.' ஒரு 'ங்க' போட்டுட்டா என்னத்த வேணாலும் சொல்லிரலாம்னு நெனப்பு. ஏசினாக் கூட பதிலுக்கு நாலு ஏசலாம். மரியாதையா அவமானப்படுத்துதவள என்ன செய்ய? எனக்குக் கோவமும் அழுகையுமா வெப்ராளமா வருது.

முதல்லருந்து சொல்லுதேன், அப்பதான் உங்களுக்கு வெளங்கும். எம் பேரு பியூலா. நாசரேத்து போஸ்ட் ஆபீஸ்ல இருக்கேன். டேவிட்சன்னு எனக்கு ஒரே தம்பி. எங்கம்மா சாகும்போது அவனுக்கு ஒம்பது வயசு, எனக்கு இருபது. நாந்தான் வளத்தேன். அவன் படிச்சு முடிச்சு வேலைக்குப் போறதுக்குள்ள எனக்குக் கல்யாண வயசு தாண்டிப் போச்சு. அத விடுங்க. அவன் இப்பம் பாளையங்கோட்டைல காலேஜ் வாத்தியார். ஒரே பிள்ளை, ஹெப்சி. ஏழு வயசு. பூஞ்சையா இருப்பா, கண்ணு மட்டும் இம்மாம் பெருசு. அந்தப் பிள்ளைக்கு அத்தைன்னா உசுரு. நான் வாசல்ல செருப்பக் கழத்துததுக்குள்ள வந்து இடுப்பக் கட்டிக்கிடுவா.

அவளுக்கு ஒரு சீக்கு. மூணு வருசத்துக்கு முன்னால எப்பப் பாத்தாலும் வயித்து வலி, வயித்தால போகும், ஆளு வளரல. மதுரைக்குக் கொண்டு போயி ரத்தம் எடுத்து, குடலுக்குள்ள குழாய விட்டுப் பாத்து, கோதுமை ஒத்துக்காதுன்னுட்டாவ. கோதுமை, மைதா, ரவை, சேமியா, பிரெட், பிஸ்கட்டு, ஒண்ணும் தொடக்கூடாதாம். கோதுமையில குளூட்டன்னு ஒண்ணு இருக்காம், அது குடல அரிச்சிருமாம். எங்க வீட்டுல யாருக்கும் இப்படிக் கேட்டதே இல்ல. அவ தாய்வழியில வந்திருக்கும்னு நான் ஒரு வார்த்தை சொன்னேன். அன்னைக்கு மூஞ்சியத் திருப்புனவதான்.

சரி, ஒத்துக்காதுன்னா குடுக்காத. அரிசி இருக்கு, இட்லி இருக்கு, எடியாப்பம் இருக்கு. நம்ம ஊர்ல என்ன பஞ்சம்? ஆனா இவ பண்ணுத கூத்து இருக்கே. அந்தப் பிள்ளைக்குன்னு தனித் தோசைக்கல்லு, தனிக் கரண்டி, மாவு சலிக்கத் தனி அரிப்பு. பெருங்காயத்துலயும் மைதா இருக்குன்னு அதையும் தூக்கிப் போட்டுட்டா. எங்க வீட்டுக்கு வந்தாலும் ஒரு தூக்குல சோறும் கறியும் கொண்டாந்துருவா. என் அடுக்களைல ஒரு டம்ளர் தண்ணி எடுக்கதுக்கு முன்ன டம்ளரக் கழுவுவா. நான் கழுவி வச்ச டம்ளர தங்கச்சி, எங்கண்ணு முன்னால திருப்பிக் கழுவுவா! நான் என்ன அழுக்குப் பிடிச்சவளா?

ஈஸ்டர்னா எங்க சொந்தமெல்லாம் நாசரேத்துல எங்க வீட்டுலதான் கூடும். அப்பா காலத்துலருந்து அப்படித்தான். கோயில் முடிஞ்சு நேரா எங்க வீடு. பிரியாணி, அப்புறம் என் கேக்கு. பியூலா கேக்கு இல்லாம ஈஸ்டரான்னு கேப்பாவ. இந்த வருசம் தம்பி போன் பண்ணுதான். 'அக்கா, ஈஸ்டர இந்தத் தடவை எங்க வீட்டுல வச்சுக்கலாம். உன் அடுக்களைல மைதா நெறைய புழங்குது, ஹெப்சிக்குப் பயமா இருக்கு.' ஹெப்சிக்குப் பயமாம்! யாரு வார்த்தைன்னு எனக்குத் தெரியாதா? எந்தம்பி பேசுதான், ஆனா உள்ளருந்து அவ பேசுதா. 'சரிடா, கேக்கு நான் கொண்டு வாரேன்'னு மட்டும் சொன்னேன். 'ஹெப்சி திங்கித மாதிரி கொண்டு வாரேன்'னேன். அவன் 'வேண்டாம்க்கா, உனக்கு எதுக்கு சிரமம்'னான். எனக்கு அங்கனயே உச்சிக்கு ஏறிருச்சு. செஞ்சு காட்டுதேன்டா உன் பொண்டாட்டிக்குன்னு மனசுல சொல்லிக்கிட்டேன்.

ஈஸ்டருக்கு முன்ன நாப்பது நாளு எங்களுக்கு லெந்து. உங்க விரதம் மாதிரின்னு வச்சுக்கிடுங்க. கறி மீனு கெடையாது, இனிப்பு திங்க மாட்டோம். அந்த நாப்பது நாளும் நான் கேக்கு சுட்டேன் தங்கச்சி. கடவுள் மன்னிக்கணும். மைதா இல்லாம கேக்கு சுடுதது சும்மா இல்ல. மைதாவுலதான் அந்தப் பிடிமானம் இருக்கு. மொதக் கேக்கு வெறும் அரிசி மாவுல சுட்டேன், கல்லாட்டம் வந்துது. ரெண்டாவது, முந்திரியப் பொடிச்சுச் சேத்தேன், புட்டு மாதிரி உதுந்து போச்சு. மூணாவது ஜவ்வரிசி மாவு போட்டேன், வாயில ஒட்டிக்கிட்டு வரமாட்டேங்கு. போஸ்ட் ஆபீஸ்ல குடுத்தா, எங்க போஸ்ட் மாஸ்டர் ஒரு கடி கடிச்சிட்டு, 'மேடம், இத பார்சல்ல அனுப்புனா உடையாது'ங்காரு. நான் சிரிக்கல.

அப்புறம் போன்ல பாத்து, மலச்சிக்கலுக்குக் குடிக்குத இசப்கோல் போட்டா பிடிமானம் வரும்னு தெரிஞ்சுக்கிட்டேன். மருந்துக் கடைல போயி இசப்கோல் பாக்கெட் நாலு குடுப்பான்னா, அந்தப் பையன், எங்கூட ஞாயித்துக்கிழமை பாட்டுக்குழுவுல பாடுதவன், கூட்டத்துக்கு நடுவுல சத்தமா, 'நாலா? ரொம்ப நாளா இறுகலா இருக்கா அக்கா?'ங்கான். அந்த மானக்கேட்டையும் பொறுத்துக்கிட்டேன். யாருக்காக? அந்தப் பிள்ளைக்காக. ஏழாவது கேக்குதான் சரியா வந்துது. அரிசி மாவு, முந்திரி, ஏத்தம்பழம் மசிச்சது, கருப்பட்டிப் பாவு, முட்டை வெள்ளைய மட்டும் தனியா நுரைக்க அடிச்சு. கத்திய வச்சா மெத்துன்னு இறங்குது. நான் அடுக்களைல நின்னு அழுதுட்டேன். ஆமா, ஒத்தையில நின்னு ஒரு கேக்கப் பாத்து அழுதேன். சிரிக்காதீங்க.

அரிப்புப் புதுசு வாங்கினேன். சருவம் புதுசு. மிக்ஸி ஜார் கூடப் புதுசு. அந்தப் புதுச் சாமானுக்குப் பக்கத்துல மைதாவ அண்டவே விடல. அவளே வந்து பக்கத்துல நின்னிருந்தாலும் ஒரு குத்தம் சொல்லிருக்க முடியாது.

சனிக்கிழமை கேக்கு சுடணும். எங்க வீட்டுல இருக்கது சின்ன கரண்டு அடுப்பு, அரைக் கிலோவுக்கு மேல தாங்காது. முப்பது பேருக்குப் பெரிய கேக்குன்னா பேக்கரிலதான் குடுக்கணும். எங்க ஊர்ல எல்லாரும் அப்படித்தான். மாவ வீட்டுல கலக்கிக் கொண்டு போவோம், தெருமுனை பேக்கரில விறகு அடுப்பு இருக்கு, மாஸ்டர் தட்டுல ஊத்திச் சுட்டுத் தருவாரு. ஈஸ்டருக்கு முந்தின நாளு அங்க போயிப் பாக்கணுமே, வரிசையா சருவமும் குத்துப் போணியுமா பொம்பளைய நிப்பாளுவ. நான் ஆசீர் மாஸ்டர்ட்ட மொதல்லயே சொல்லிட்டேன், 'மாஸ்டர், இதுல மைதா கெடையாது, பிள்ளைக்கு ஒத்துக்காது, பாத்துச் செய்யுங்க'ன்னு. அவரும் 'அதுக்கென்னம்மா, செஞ்சுருவோம்'னாரு. நல்ல மனுசன்.

தட்டுதான்... தட்டெல்லாம் காலைலயே வெண்ணெய் தடவி, மைதா தூவி, வரிசையா அடுக்கி வச்சிருந்தாரு. கேக்கு ஒட்டாம வரணும்லா. எல்லாத் தட்டுக்கும் தூவுவாவ. அது மாவுல போடுததா? இல்லல்லா? சும்மா தட்டுல தூவுதது. நான் அத வாங்கிக் கவுத்து ரெண்டு தட்டு தட்டிட்டேன், உதுந்து போச்சு. பின்னால முப்பது பேரு நிக்காவ, வேற தட்டு கழுவித் தாங்கன்னு நின்னா என்ன நெனப்பாவ? பியூலாவுக்கும் தம்பி பொண்டாட்டி மாதிரி கோட்டி பிடிச்சிட்டுன்னுதான் நெனப்பாவ. கேக்குக்குள்ள நான் ஒரு துளி மைதா போடல. இந்த பைபிள் மேல சத்தியமாச் சொல்லுவேன், பைக்குள்ளதான் இருக்கு.

நேத்து காலைல முத வண்டியப் பிடிச்சு, இந்த டப்பாவ மடில வச்சுக்கிட்டே பாளையங்கோட்டை போயி இறங்கினேன். கோயில் முடிஞ்சு எல்லாரும் வந்தாச்சு. சித்தப்பா வீடு, மாமா வீடு, எல்லாம். நடு மேசைல என் கேக்க வச்சேன். மேல முந்திரியால சிலுவை வச்சிருந்தேன். எல்லாரும் 'பியூலா கேக்கு, பியூலா கேக்கு'ங்காவ. நான் ஹெப்சியக் கூப்பிட்டேன். 'ஏட்டி, மொதத் துண்டு உனக்குத்தான். இதுல மைதா கெடையாது'ன்னேன். அந்தப் பிள்ளை மூஞ்சிய நீங்க பாத்திருக்கணும். அவளுக்கு நெனவு தெரிஞ்சு எல்லாரும் திங்கித கேக்க அவளும் தின்னதே இல்ல. எல்லாரும் கேக்கு திம்பாவ, அவ ஓரத்துல ஒரு டப்பாவுல கடலை உருண்டைய வச்சுக்கிட்டு இருப்பா. கைய நீட்டிட்டா.

அப்பம் இவ வாரா. அடுக்களைலருந்து கையத் தொடைச்சுக்கிட்டே. 'அண்ணி, எந்த மாவுங்க அண்ணி? எதுல சலிச்சீங்க அண்ணி? எங்க வச்சு சுட்டீங்க அண்ணி?' போலீஸ் ஸ்டேசன்ல கேக்க மாதிரி. முப்பது பேரு பாக்காவ. நாப்பது நாளு நான் பட்ட பாட்டுக்கு ஒரு 'நல்லாருக்கு அண்ணி' கெடையாது. எனக்கு என்ன வந்துதோ, 'எங்க வீட்டுலதான் சுட்டேன், வேற எங்க சுடுவேன்'னுட்டேன். பேக்கரின்னு சொன்னா அதுக்கும் ஒரு கேள்வி வரும். அதுக்கும் ஒரு 'ங்க' வரும். 

அப்படிச் சொல்லியும் விடல. 'கோவிச்சுக்காதீங்க அண்ணி, உங்க வீட்டு அடுப்புல மைதாக் கேக்கும் சுடுவீங்க, எனக்குப் பயமா இருக்குங்க'ன்னு சொல்லி, அந்தப் பிள்ளை கையப் பிடிச்சு இழுத்துக்கிட்டுப் போயிட்டா. நீட்டின கை அப்படியே நீட்டினபடி போவுது. எந்தம்பி தரையப் பாக்கான். சித்தி இருமுதா. மாமா வீட்டுப் பிள்ளையெல்லாம் ஆளுக்கொரு துண்டு எடுத்துத் திங்கி. யாருக்காகச் செஞ்சேனோ அவளத் தவிர எல்லாரும் தின்னாவ. நான் சிரிச்சுக்கிட்டே கேக்கு வெட்டினேன். என் பல்லெல்லாம் வலிச்சுது.

மத்தியானம் சாப்பிட்டுட்டு எல்லாரும் ஆங்காங்க சாஞ்சாவ. அவளும் அறைக்குள்ள போயிப் படுத்துட்டா. ஹெப்சி மட்டும் பொறவாசல்ல துணி தொவைக்க மிஷினு பக்கத்துல ஒத்தையில உக்காந்திருக்கா. 'என்னட்டி'ன்னேன். 'அத்தை, உன் கேக்கு என்ன ருசியா இருக்கும்?'னு கேக்கா. சொல்லுங்க தங்கச்சி, நீங்களா இருந்தா என்ன செய்வீங்க? ஒரு சின்னத் துண்டுதான். ஒரே ஒரு துண்டு. கையில வச்சுக் குடுத்தேன். 'இதுல ஒண்ணும் இல்லல்லா அத்தை?'ன்னா. 'ஒண்ணும் இல்ல பிள்ளை, உனக்காக நாப்பது நாளு செஞ்சது, அம்மாட்ட மட்டும் சொல்லாத'ன்னேன். கண்ண மூடிக்கிட்டுத் தின்னா. மெதுவா, பொறுக்கிப் பொறுக்கி. விரல நக்கினா. இன்னொண்ணு கேட்டா, குடுத்தேன். ரெண்டுன்னு வச்சுக்கிடுங்க. எனக்கு அந்த நாப்பது நாள் பட்ட பாடும் அங்கன கழிஞ்சு போச்சு.

சாயங்காலம் அஞ்சு மணி இருக்கும், பிள்ளைக்கு வயித்து வலி. அப்புறம் வாந்தி. ஒரு தடவை ரெண்டு தடவை இல்ல, வெறும் தண்ணியா வருத வரைக்கும். சுருண்டுக்கிட்டா. ஏன், பிள்ளைகளுக்கு வாந்தி வரவே வராதா? ஈஸ்டர் அன்னைக்கு, வெயில்ல, கூட்டத்துல, பிரியாணியும் தின்னுட்டு? ஆனா இவ உடனே அந்தானைக்குக் கத்துதா. 'என்ன சாப்பிட்ட? யாரு குடுத்தா? சொல்லு ஹெப்சி!' எல்லாரும் சுத்தி நிக்காவ. நானும் நிக்கேன். அந்தப் பிள்ளை வாயத் தொடைச்சுக்கிட்டு என்ன ஒரு பார்வை பாத்தா. அப்புறம் சொன்னா, 'காலைல சண்டே ஸ்கூல்ல மெர்சி அக்கா கேக்கு குடுத்தாங்க'ன்னு.

எம்மேல அந்தப் பிள்ளைக்கு எவ்வளவு பாசம் இருந்தா அப்படிச் சொல்லிருப்பா! வாந்தி எடுத்துக் கெடக்கும்போது கூட அத்தைய விட்டுக் குடுக்கல.

மெர்சி யாருன்னா, அவங்க கோயில்ல ஞாயித்துக்கிழமைப் பள்ளிக்கூடம் எடுக்குத பிள்ளை. காலேஜ் படிக்கா, இருபது வயசு இருக்கும். ஷைனி அவளுக்குப் போனப் போட்டு வாங்கு வாங்குன்னு வாங்கிட்டா. அப்பம் மட்டும் 'ங்க' எங்க போச்சுன்னு தெரியல. இன்னைக்குக் காலைல அந்தப் பிள்ளை நேர்ல வந்து நிக்கி. கண்ணெல்லாம் வீங்கிப் போயி. 'நான் அவளுக்குக் கேக்கு குடுக்கவே இல்ல அக்கா. எல்லாருக்கும் கேக்கு குடுத்தேன், ஹெப்சிக்கு மட்டும் தனியாக் கடலை மிட்டாய் வாங்கி வச்சிருந்தேன், ரெண்டு வருசமா அப்படித்தான் செய்யுதேன்'ங்கா. ஷைனி நம்பல. 'என் பிள்ளை பொய் சொல்லாது'ங்கா. எந்தம்பியும், 'இன்னைக்குச் சாயங்காலம் ஐயர்ட்ட சொல்லிருதேன், இவ இனிமே சண்டே ஸ்கூல் எடுக்க வேண்டாம்'ங்கான். ஐயருன்னா எங்க கோயில் போதகரு. அந்தப் பிள்ளை அழுதுக்கிட்டே போச்சு.

நான் என்ன செய்ய முடியும்? எங்கிட்டயா கேட்டாவ? நான் ஓரமா இருந்தேன். பையத் தூக்கிக்கிட்டுக் கெளம்பிட்டேன். இவ வாசல் வரைக்கும் வந்து, 'நேத்து மேசைல வச்சு வேண்டாம்னு சொல்லியிருக்கக் கூடாதுங்க அண்ணி, மனசுல வச்சுக்காதீங்க, மன்னிச்சிருங்க'ங்கா. இப்பம் வந்து மன்னிப்பு! முப்பது பேருக்கு முன்னால அவமானப்படுத்திட்டு, யாருமில்லாத வாசல்ல மன்னிப்பு. சொல்லுங்க தங்கச்சி, யாரு மேல தப்பு? நான் செஞ்ச கேக்க அவ மரியாதையா வாங்கி, மேசைல வச்சே ஒரு துண்டு குடுத்திருந்தா, நான் எதுக்குப் பொறவாசல்ல ஒளிச்சுக் குடுக்கணும்? அந்தப் பிள்ளை எதுக்குப் பொய் சொல்லணும்? எல்லாத்துக்கும் மூலம் அவதான். என்ன நீங்க, ஜன்னலையே பாக்கீங்க.

இருங்க, போன் அடிக்கி. தம்பி நம்பரு. எடுக்கவா வேண்டாமா... ஹலோ? டேவிட்சா? ...ஏட்டி! ஹெப்சியா? அப்பா போன்லருந்தா பேசுத? ஏன் குசுகுசுங்க, சத்தமாப் பேசு, நான் வண்டில வாரேன், கேக்கல. வயிறு எப்படி இருக்கு? ...கொறஞ்சிட்டா? கஞ்சி குடிச்சியா? அப்படித்தான், என் தங்கம். பாத்தீங்களா தங்கச்சி, எந்திரிச்சதும் எனக்குத்தான் போன் பண்ணுதா.

என்னட்டி? என்னது இருக்கு?

எங்க? புத்தகப் பைலயா?

நான் குடுத்ததா? ...ஆமா, மூணு குடுத்தேன். மூணு குடுத்தேன், சரிதான். ரெண்டத் தின்னுட்டு ஒண்ண ஒளிச்சு வச்சிருக்காளாம் தங்கச்சி. பேப்பர்ல சுத்தி. அம்மா குளிக்கப் போயிருக்காவளாம். இப்பம் திங்கட்டுமான்னு கேக்கா.

வேண்டாம் பிள்ளை. இப்பம் வேண்டாம். ...ஏன்னா, நாளாயிட்டு, கெட்டுப் போயிருக்கும். ...நல்லாத்தான் மணக்குதா? ...இல்லட்டி, வயித்துக்கு ஆகாது. நேத்துதான வாந்தி எடுத்த. ...கடலை மிட்டாயா? யாரு சொன்னா? ...நீயா நெனச்சியா.

மெர்சி குடுத்த கடலை மிட்டாய்தான் ஒத்துக்காமப் போச்சாம். கேக்குன்னு சும்மா அம்மாட்ட சொன்னாளாம். என் கேக்குல ஒண்ணும் இருக்காதாம். ஏன்னா... ஏன்னா அத்தை சொன்னேனாம். அத்தை பொய் சொல்ல மாட்டாளாம்.

ஹெப்சி. கையில வச்சிருக்கியா அத? கீழ வை. வாயில வச்சிரலியே? ...கடிச்சியா இல்லியா, அத மட்டும் சொல்லு. ...சத்தியமா? சரி. கீழ வச்சுட்டு கைய உன் பாவாடைல நல்லாத் தொடை.

இங்க பாரு. அதுல மைதா இருக்கு. ...ஆமா. மாவுல இல்ல, அடில. பேக்கரித் தட்டுல தூவி இருந்துச்சு, அதுலதான் ஊத்துனாவ. நான் பாத்தேன். ...பாத்தேன்டி, பாத்துட்டுத்தான் இருந்தேன். ...தெரியும். தெரிஞ்சுதான் குடுத்தேன். ஒண்ணும் செய்யாதுன்னு நெனச்சேன். இல்ல, நெனைக்கக் கூட இல்ல, எனக்குக் கோவம். உன் மேல இல்ல பிள்ளை. உன் மேல எதுக்கு எனக்குக் கோவம்? ...அழாத. வயிறு வலிக்கும், அழாத.

என்ன சொல்லுத? சொல்லு, கேக்கேன். ...ஆமா. மெர்சி அக்கா ஒண்ணும் செய்யல. ...ஆமாட்டி, பாவம்தான்.

அம்மாட்டப் போனக் குடு. ...குளிச்சா என்ன, கதவத் தட்டு. அவசரம்னு சொல்லு. ...உன்ன அடிக்க மாட்டாவ. நான் சொல்லிக்கிடுதேன். உன் மேல ஒண்ணும் வராது, போ.

நீங்க அந்தப் பக்கம் கொஞ்சம் திரும்பிக்கிடுங்க தங்கச்சி.

...ஷைனி. நான் பியூலா பேசுதேன். மொதல்ல அந்தப் பிள்ளை பக்கத்துல பேப்பர்ல சுத்தி இருக்கத எடுத்து வெளிய போடு. போட்டுட்டியா? ...கேக்கு. என் கேக்கு. நாந்தான் நேத்து மத்தியானம் குடுத்தேன். நீ படுத்திருக்கும்போது, பொறவாசல்ல வச்சு. ...ரெண்டு துண்டு தின்னிருக்கா. பெருசு. சின்னதுன்னு சொல்ல மாட்டேன், பெரிய துண்டு. ரெண்டு மணி, ரெண்டேகாலு இருக்கும். ...வீட்டுல சுடல. பேக்கரில. தட்டுல மைதா தூவி இருந்துது. டாக்டர்ட்ட அப்படியே சொல்லு. மெர்சி ஒண்ணும் குடுக்கல. பிள்ளைய நாந்தான் சொல்லாதன்னு சொன்னேன், அவள ஒண்ணும் கேக்காத.

ஷைனி? இருக்கியா?

ஏசேன். வாயத் தொறந்து நாலு வார்த்தை ஏசித் தொலையேன். இப்பமும் என்ன 'சரிங்க அண்ணி'? சரிங்கன்னா என்ன அர்த்தம்? நான் உன் பிள்ளைக்கு வெசத்த வச்சுட்டு வந்திருக்கேன், நீ சரிங்கங்க!

...என்னது? மன்னிப்புக் கேக்க நீ எதுக்கு மெர்சி வீட்டுக்குப் போவ? நீ போவாத. நீ பிள்ளைய டாக்டர்ட்டக் கொண்டு போ. தம்பிட்டச் சொல்லு, ஐயர்ட்ட ஒண்ணும் போயிச் சொல்லக் கூடாதுன்னு. நான் வாரேன். ...உன் வீட்டுக்கு வரல, நீ பயப்படாத. மெர்சி வீட்டுக்கு வாரேன். தெரு பேரு மட்டும் சொல்லு. ...சரி. வை.

கண்டக்டர் தம்பி! வண்டிய நிறுத்துங்க. ஸ்டாப் இல்லன்னா என்ன, நான் நடந்துக்கிடுதேன். விசில அடிங்களேன், எத்தனை தடவை சொல்ல! நான் எங்க டிக்கெட் எடுத்திருந்தா உங்களுக்கு என்ன? நிறுத்துங்கன்னா நிறுத்துங்க.

எந்திரிங்க தங்கச்சி, வழி விடுங்க. உங்களுக்கு ஒண்ணு சொல்லாம விட்டுட்டேன். காலைல அந்தப் பிள்ளை மெர்சி, அவங்க ரெண்டு பேரும் நம்பலன்ன உடனே நேரா எங்கிட்டதான் வந்தா. என் கையப் பிடிச்சுக்கிட்டா. 'நீங்க பெரியவங்க, நீங்களாவது சொல்லுங்க, நான் அப்படிச் செய்வேனா'ன்னு கேட்டா. எனக்கு வண்டிக்கு நேரமாச்சுன்னு சொல்லி கைய உருவிக்கிட்டு வந்துட்டேன்.